முன் டிஃபரன்ஷியலுக்கு லாக் போடலாமா? நீங்கள் கண்டதை எழுதுங்கள்

கோவை, ஃபோர்ஸ் கூர்க்கா

ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். பின் அச்சுக்கு லாக் போடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. முன் அச்சு என்றதும்தான் ஆளுக்கொரு பேச்சு. என் வண்டியான ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லீவர் இருப்பதால், எங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. நான் தொடங்கி வைக்கிறேன்.

சக்லேஷ்பூர் அருகே நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டம். ஆடி மாத மழையில் உள்பாதை முழுக்கச் செம்மண் குழம்பு. டிராக்டர் போன தடத்தில் இறங்கியதும் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் பிடி இழந்து சுழன்றன. லாக் இல்லாத டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு சொற்ப விசை போதுமோ, தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போயும் வண்டி நகராமல் நிற்பது இதனால்தான்.

பின் லாக்கைப் போட்டேன். வண்டி ஒரு முழம் ஏறி, முன் சக்கரங்கள் மேட்டின் விளிம்பில் முட்டியதும் நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கை நேராக்கி, வண்டியை முழுதாக நிறுத்தி, முன் லாக்கையும் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன். ஏறிவிட்டது. ஏறிய கையோடு முன் லாக்கை எடுத்துவிட்டேன். காரணம், மேட்டைத் தாண்டியதும் பாதை இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் பள்ளம். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். லாக் போட்ட அச்சில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அது முடியாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

ஆகவே என் கட்சி: முன் லாக் நேர்கோட்டுக்கு மட்டும், அதுவும் சில அடி தூரத்துக்கு.

மஸ்கட், லேண்ட் குரூசர்

மணலில் நான் முன் லாக்கைத் தொடுவதே இல்லை. ஷர்கியா மணல்வெளிக்குள் நுழையும் முன் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை வேகமும் தடத்தைப் பார்க்கும் கண்ணும் செய்யும். மணல்மேட்டில் குறுக்காகப் போகும்போது லாக் போடாத அச்சில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது மணலைப் பிடித்துக்கொண்டு வண்டி பக்கவாட்டில் வழுக்காமல் காக்கும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். முன்பக்கம் சரிவில் நழுவும்போது திருப்பி எடுக்க ஸ்டீயரிங் உதவாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். லேண்ட் குரூசர் 80 வரிசையின் திருகு சுவிட்சில் முதலில் பின் லாக், அடுத்துத்தான் முன் லாக். 2003இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானிலும் அதே வரிசை. மெர்சிடிஸ் ஜி வண்டியில் நடு, பின், முன் என்று மூன்று பொத்தான்கள். முன் லாக் கடைசி. தனித்தனியாக வண்டி செய்தவர்கள் எல்லோரும் முன் லாக்கைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வரிசைக்கு நான் மதிப்புத் தருகிறேன்.

சேலம், பட்டறை வைத்திருப்பவன்

உடைந்த பிறகு வண்டியைப் பார்ப்பவன் நான். அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

பின் சக்கரம் இழுத்தால் போதும். முன் சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்காகத்தான் அங்கே சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பியிருக்கும்போதும் விசையைக் கடத்தும் இணைப்பு, இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில்தான் அந்த ஜாயின்ட் மிகவும் பலவீனமாக இருக்கும். லாக் போட்டபின் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடி இருந்தால், முன் அச்சுக்கு வரும் விசை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு பக்கத் தண்டின் மீது இறங்கும். ஃபோர் லோ கியர் (நான்கு சக்கரங்களையும் மெதுவாக, அதிக விசையோடு சுற்ற வைக்கும் கியர்) அந்த விசையை ஏற்கெனவே பெருக்கி வைத்திருக்கும். பாறையிடுக்கில் சக்கரம் சிக்கி, ஸ்டீயரிங் ஒடித்திருக்க, ஓட்டுநர் பொறுமையிழந்து மிதித்தால் ஜாயின்ட் நொறுங்கும். என்னிடம் வந்த முன் தண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான். வண்டியின் தரத்தைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக்கைப் போட்டுப் பல் சிதைந்த வண்டிகளும் வருகின்றன. கோவை நண்பர் நிறுத்திவிட்டுப் போட்டார், அதுதான் சரி. எடுக்கும்போதும் லீவரைத் தள்ளிய உடனே லாக் விடுபட்டுவிட்டது என்று நம்ப வேண்டாம். முறுக்கம் இருந்தால் பற்கள் கவ்விக்கொண்டே இருக்கும். சில அடி பின்னால் வந்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் விட்டுவிடும். தார் ரோட்டில் லாக்கோடு ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தேனி, பழைய மஹிந்திரா ஜீப்

சேலம் அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லோரும் முன்னோக்கி ஏறுவதையே பேசுகிறீர்கள். ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. அந்த நிலையில் பின் லாக்தான் பெரும்பங்கு வேலையைச் செய்யும். ஓடைக்குள் மூக்கு இறங்கி, ரிவர்ஸில் வெளியே வர வேண்டியிருந்தால் கணக்கு தலைகீழ். பாரம் முழுவதும் முன் சக்கரங்கள் மேல், பின் சக்கரங்கள் லேசாக நிற்கும். என் மாமாவின் தோப்பில் ஒரு கூர்க்கா அப்படித்தான் மாட்டியது. பின் லாக் போட்டும் அசையவில்லை. முன் லாக் போட்டதும் ஏறக்குறைய எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் பின்னால் ஏறி வந்தது.

என் ஜீப்பில் எந்த லாக்கும் கிடையாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுபவர்களிடம்தான் நான் பழகினேன். எந்தக் கல்லின் மீது எந்தச் சக்கரத்தை வைப்பது என்று அவர்கள் பத்தடிக்கு முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அதைப் பழகாமல் லாக் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோவை, ஃபோர்ஸ் கூர்க்கா

ரிவர்ஸ் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. மஸ்கட் நண்பரே, மணலைச் சொன்னீர்கள். உங்கள் ஊர் ‘வாதி’களின், அதாவது வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகளின், பாறையில் என்ன செய்கிறீர்கள்?

மஸ்கட், லேண்ட் குரூசர்

பாறையில் போடுவேன். படிக்கட்டு போன்ற பாறை எதிரில் வந்தால், பின் லாக் மட்டும் இருக்கும்போது பின் சக்கரங்கள் முன் டயரைப் பாறையோடு சேர்த்து அழுத்துமே தவிர மேலே ஏற்றாது. முன் சக்கரம் தானே பிடித்து ஏற வேண்டும். ஒன்று தொங்கினாலும் மற்றது ஏற வேண்டும். அதற்கு முன் லாக் வேண்டும். ஆனால் வெளியே ஒருவர் நின்று கை காட்டாமல் நான் தொடங்குவதில்லை. உள்ளே இருப்பவருக்குச் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரியாது. ஏறி முடித்ததும் லாக்கை எடுக்கச் சொல்வதும் வெளியே நிற்பவரின் பொறுப்பு என்று எங்கள் குழுவில் வைத்திருக்கிறோம்.