அவசரம்: வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன், ராத்திரிக்கு நாயை எங்கே விடுவது?

புதுசா_வந்தவ: நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், அப்பா மதுரையில் ஐசியூவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஃபிளைட். நாயை எங்கே விடுவதென்றே தெரியவில்லை. கூகுளில் எல்லா இடமும் ஐந்து ஸ்டார் என்றுதான் காட்டுகிறது. நம்பி விடலாமா? உடனே சொல்லுங்கள் ப்ளீஸ்.

ரெடிங்_மாமா: அப்பா நல்லபடியாக எழுந்து வரட்டும்மா. எந்த ஊர், என்ன நாய், ஒன்றுமே சொல்லவில்லையே? என்னைக் கேட்டால் முதல் வருஷம் நாயே வேண்டாம். நாங்கள் வந்த புதிதில் ஹீட்டர் ஓடாத அறையில் டிசம்பரைக் கழித்தோம். வீட்டு ஓனர் போனையே எடுக்க மாட்டார்.

ஹாரோ_அக்கா: அவ கேட்டது நாயைப் பற்றி, உங்கட ஹீட்டரைப் பற்றி இல்லை. தங்கச்சி, கென்னலில், அந்த நாய் விடுதியில், விடாதேங்கோ. எங்கட நாய் குரைச்சுக் குரைச்சே தொண்டை கட்டித் திரும்பி வந்தது. வீட்டில் வைச்சுப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம், அவையிட்டை விடுங்கோ.

எம்கே_வாசி: நான் நேர்மாறாகச் சொல்வேன். அப்படி ஒரு வீட்டில் விட்டோம். பார்சல் வாங்க வாசலைத் திறந்தார்கள், நாய் தெருவில். நல்ல கென்னலில் ரெட்டைக் கேட் இருக்கும்.

ரெடிங்_மாமா: ஊரில் என்றால் பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வேளை சோறு வைத்துப் பார்த்துக்கொள்வார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் முகமே தெரியாது.

எம்கே_வாசி: கவுன்சில் டாக்ஸ் மட்டும் மாசம் தவறாமல் போகிறது மாமா.

புதுசா_வந்தவ: லெஸ்டர். ராஜபாளையம் கலப்பு, நான்கு வயசு ஆண். கார்கோவில் வந்து மூன்று வாரம் ஆகிறது. கணவர் இங்கேதான் இருப்பார், ஆனால் வாரத்தில் சில நாள் நைட் ஷிஃப்ட்.

ஹாரோ_அக்கா: அட, மனுசன் இங்கைதான் நிக்கிறாரா!

வெட்_நர்ஸ்: அப்படியென்றால் கென்னல் சரிப்படாது. நாயை வாங்குவதும் கொடுப்பதும் அவர்கள் வைத்த நேரத்தில்தான். விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து போய் நின்றால் கேட் பூட்டியிருக்கும். ஒன்று தன் வீட்டில் நாயை வைத்துப் பார்க்கிற ஹோம் போர்டர், இல்லையென்றால் உங்கள் வீட்டிலேயே வந்து படுக்கிற சிட்டர்.

இங்கிலாந்தில் காசு வாங்கித் தன் வீட்டில் நாயைத் தங்கவைக்க 2018 விதிகளின்படி கவுன்சில் லைசென்ஸ் வேண்டும், கென்னலுக்கும் அதேதான். கூகுள் ஸ்டாரை விடுங்கள். லைசென்ஸிலேயே 1 முதல் 5 வரை கவுன்சில் கொடுத்த ஸ்டார் இருக்கும். லைசென்ஸ் நம்பர் கேட்டு மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள். வீட்டுக்கு வருகிற சிட்டருக்கு இந்த லைசென்ஸ் கிடையாது, அதனால் இன்சூரன்ஸையும் ஏற்கெனவே அவரிடம் விட்டவர்கள் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.

வந்து மூன்று வாரம்தான் ஆன நாய் வழி தெரியாமல் ஓடினால் அவ்வளவுதான். ஊரில் தோலுக்கடியில் போட்ட அடையாளச் சிப்பை இங்குள்ள டேட்டாபேஸில் ஏற்றினீர்களா? வந்து 30 நாளுக்குள் ஏற்ற வேண்டும். காயடித்தாயிற்றா? தடுப்பூசி கார்டில் கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமல், அதற்கான மருந்து இருக்கிறதா? ரேபிஸ் மட்டும் போதாது.

புதுசா_வந்தவ: சிப் இன்னும் ஏற்றவில்லை, இன்றைக்கே செய்கிறேன். காயடிக்கவில்லை. கென்னல் காஃபும் இல்லை.

வெட்_நர்ஸ்: காயடிக்காத ஆண் நாயைப் பல ஹோம் போர்டர்கள் எடுக்க மாட்டார்கள். அந்த மருந்தும், பெரும்பாலும் மூக்கில் விடுவது, சில நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்பார்கள். இனி அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், சிட்டர்தான்.

நடு ராத்திரியில் நாய்க்கு முடியவில்லை என்றால் எந்த வெட், எவ்வளவு செலவு வரை சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள், ஷிஃப்டில் கணவர் போன் லாக்கரில் இருக்கும். சோறு எடுத்து வைத்தால் வெங்காயம், பூண்டு படாத சோறு.

அப்புறம், ராஜபாளையம் ரத்தம் புது ஆளை லேசில் விடாது. சிட்டரை வியாழக்கிழமை ராத்திரியே வந்து படுக்கச் சொல்லுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே. உறுமாமல் உள்ளே விடுகிறானா என்று அப்போதே தெரிந்துவிடும்.