‘குவெஸ்ட் ஃபார் ஃபயர்’ படத்துத் தீ: நிஜமா?

கேள்வி: ஆதிமனிதர்களைப் பற்றி 1981-இல் வந்த இந்தப் படத்தில் உள்ளங்கைகளுக்கிடையே குச்சியைக் கடைந்தே நெருப்பு உண்டாக்குகிறார்கள். நடக்குமா? புகை வந்தும் கங்கு பிடிக்காதது ஏன்?

பதில் 1: நடக்கும். சங்கப் பாடல்களில் வரும் ஞெலிகோலும் (தீக்கடையும் கோல்) இதே வேலைதான். விரல் தடிமனில் நேரான காய்ந்த குச்சி, அடியில் மெத்தென்ற மரப்பலகை. பலகையில் குச்சி சுழலும் குழியின் ஓரத்தில் ‘வி’ வடிவ வெட்டு கட்டாயம். இல்லையென்றால் உராய்வில் உதிரும் மரத்தூள் ஒரே இடத்தில் சேராது, புகையோடு சரி.

பதில் 2: தூளின் நிறத்தைப் பாருங்க. வெளிர் பழுப்பு என்றால் சூடு போதலை, இன்னும் அழுத்திக் கடையணும். கருத்தால் நல்லது. குழி வழுவழுப்பாகிட்டா ஒரு சிட்டிகை மணல் போடுங்க. கடையும்போது கை குச்சியின் கீழே வந்ததும் சட்டென மேலே போகணும், தாமதிச்சா ஆறிடும். கங்கு பிடித்ததும் அதைக் காய்ந்த நாரில் பொதிந்து மெல்ல ஊதணும்.

பதில் 3: தீ நிஜம், படத்தில் வரும் மாமூத்துகள் (பழங்கால மயிரடர்ந்த யானையினம்)தான் மயிர்ப்போர்வை போட்ட யானைகள்!