பத்மினியில் பெட்ரோல் ஹோஸ் கசிகிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

பத்மினி84:
அப்பா 1984-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி இப்போது என்னிடம் இருக்கிறது. நான்கு நாளாகக் காலையில் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை. நேற்று பானட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் ஸ்டீல் பைப்புக்கும் ஏசி பம்புக்கும் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்பரேட்டருக்கு அனுப்பும் பம்ப்) நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ், கிளிப் ஓரத்தில் ஈரமாக இருந்தது. தொட்டால் விரலில் மை மாதிரி கறுப்பு ஒட்டுகிறது. லேசாக வளைத்ததும் வெடிப்பு தெரிந்தது. மாற்றி ஆறு வருஷம்தான் ஆகிறது. எங்கள் மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார், வரப் பத்து நாளாகும். வெடித்த நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தையே மாட்டலாமா? புதிது என்றால் என்ன கேட்டு வாங்குவது? கழற்றும்போது பெட்ரோல் கொட்டுமே, அதை எப்படி நிறுத்துவது?

பழைய ஃபியட்:
தம்பி, முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வெட்டி மாட்டுவது வேண்டவே வேண்டாம். 2023-லிருந்து இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது. என் வண்டியில் கழற்றிய ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன், உள்சுவர் ஊறிப்போய்த் தோல் தோலாக உரிந்தது. அந்தத் துகள்தான் கார்பரேட்டர் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சிறு துளையை, அடைப்பது.

கடையில் ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சடித்த ஹோஸைக் கேளுங்கள். உள்ளே எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரியுங்கள். ஸ்டீல் பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள், என்னுடையது 8 மி.மீ. கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். எனக்கு ஒரு ஷாப்பில் அதைத்தான் போட்டுவிட்டார்கள். எட்டே மாதத்தில் கல்லாக இறுகி, சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக வீட்டு வாசலிலேயே கவனித்தேன்.

வேலையை ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். இன்ஜின் ஆறியதும் வண்டியை வெளியே தள்ளி, டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். புது ஹோஸின் ஒரு நுனியில் முன்கூட்டியே 8 மி.மீ. போல்ட்டைச் செருகி வையுங்கள். பழையதை ஸ்டீல் பைப்பிலிருந்து உருவியதும் விரலால் அடைத்து, புதியதை ஏற்றி கிளிப்பை முடுக்குங்கள். அப்புறம் நிதானமாக போல்ட்டை எடுத்துவிட்டு பம்பில் மாட்டலாம். இரண்டு பக்கமும் ஒரு அங்குலமாவது உள்ளே ஏற வேண்டும். கிளிப்பின் ஓரம் மடித்ததாக இருக்கட்டும், பல் வெட்டிய கிளிப் ரப்பரை அறுத்துவிடும். பக்கத்தில் டிரை பவுடர் தீயணைப்பான் கட்டாயம்.

கோவை1100:
அண்ணா சொன்னதோடு இன்னொன்று. டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தாலோ அளவு ஏறியிருந்தாலோ, ஏசி பம்பின் டயஃப்ரமும் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. அப்படியானால் ஹோஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை. டிக்கிப் பக்கம் டேங்கிலிருந்து இறங்கும் ஹோஸும் அதே வயதுதான், அதை மறந்துவிடாதீர்கள்.

பத்மினி84:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை மாற்றிவிட்டேன். போல்ட் யோசனையால் அரை டம்ளர்கூடக் கொட்டவில்லை. பழைய ஹோஸ் ஸ்டீல் பைப்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. இழுக்காமல் பிளேடால் நீளமாகக் கீறித்தான் எடுத்தேன். உள்ளே அண்ணா சொன்ன அதே கோலம். ஆயில் சுத்தமாக இருக்கிறது. ஏசி பம்பின் லீவரைக் கையால் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து பெட்ரோலை ஏற்றிவிட்டு செல்ஃப் கொடுத்தேன், உடனே பிடித்தது. கால் மணி நேரம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு கிளிப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. டிக்கிப் பக்கத்துத் துண்டுக்கும் சேர்த்துத்தான் ஹோஸ் வாங்கியிருக்கிறேன். அது ஞாயிற்றுக்கிழமை. அதுவரை வண்டி வெளியில்தான் நிற்கும்.