முன் இடது சக்கரத்தில் 'டக்' ஒலி: லோயர் ஆர்ம் புஷ்தானா?

சேலத்தில் நான் ஓட்டுவது 2014-இல் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. ஓடியது, முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த சஸ்பென்ஷன்). மூன்று மாதங்களாக, இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக்கை விடும்போதும் 'டக்' என்று ஒலிக்கிறது. ஏற்காடு மலைப்பாதை வளைவுகளில் அந்த அதிர்வு ஸ்டீயரிங்கிலேயே தெரிவதால், அம்மாவை ஏற்றிச் செல்லவே அச்சமாக இருக்கிறது.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இருமுனைகளையும் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் மாற்றினேன். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதும் ஒலி குறையவில்லை என்பதால், ஸ்டெபிலைசர் பாரின் மீது இனிச் சந்தேகமில்லை. லோயர் ஆர்ம் என்பது சக்கரப் பகுதியை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை; அதன் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டமில்லை. அடிச்சட்டப் பக்கத்தில் லோயர் ஆர்மைத் தாங்கும் பின்புற புஷ்ஷில் (ரப்பர் உறையில்) மட்டும், நகம் நுழையும் அளவுக்கு ரப்பர் பிளந்திருக்கிறது. பிரேக் பிடிக்கையில் ஆர்ம் முன்பின்னாக நகராமல் தாங்குவது அந்த புஷ்தான். மெக்கானிக்கோ அது இன்னும் தாங்கும் என்கிறார்.

ஆர்மைக் கழற்றாமலேயே, ஒலிக்குக் காரணம் அந்த புஷ்தான் என்று உறுதிசெய்ய எந்தச் சோதனையைச் செய்யலாம்?