படித்திறனின் தொகுதிக்கும் பகுதிக்கும் என்ன பெயர்? (பேசுவோர் தங்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

களுவாஞ்சிகுடி:
வணக்கம். நேர்கோட்டு வரைபுப் பயிற்சித்தாளில் இரண்டு சொல் குறைகிறது. படித்திறன் (கோடு ஏறும் அல்லது இறங்கும் வீதம்), வெட்டுத்துண்டு (கோடு அச்சை வெட்டும் இடம்), ஆள்கூறு (புள்ளியின் இடத்தைக் காட்டும் எண்) எல்லாம் பாடநூலில் நிலைத்தவை, அவற்றில் கைவைக்க வேண்டாம். ஆனால் படித்திறனைப் பின்னமாக எழுதினால் தொகுதிக்கும் (மேல் எண்) பகுதிக்கும் (கீழ் எண்) சின்னப் பெயர் இல்லை. "வை ஆள்கூறுகளின் வித்தியாசம்" என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிவரும் பிள்ளை எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்று தடுமாறுகிறது. மேசன்மாரின் படிக்கட்டுக் கணக்குப்போல 'படியுயரம்', 'படியகலம்' என்று வைப்போமா?

திருக்கோவில்:
உயரம் சரிவராது சேர். உயரத்தை மறை எண்ணாக (−2 போல) எந்தப் பிள்ளையும் நினைக்காது. இதைப் பாருங்கள்:

3(வை − 1) = 2(எக்ஸ் + 3) − 4எக்ஸ்

அடைப்பை நீக்கினால் 3வை − 3 = 2எக்ஸ் + 6 − 4எக்ஸ். நிகர்த்த உறுப்புகளைச் சேர்த்தால் 3வை = −2எக்ஸ் + 9. இனி 3ஆல் வகுக்க வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் எக்ஸின் குணகத்தை மட்டும் வகுத்துவிட்டு 9ஐ அப்படியே விடுவார்கள். கோடு (0, 9) வழியாகப் போய்விடும். சரியானது வை = −⅔எக்ஸ் + 3.

(0, 3) இலிருந்து வலப்பக்கம் 3, கீழே 2. அடுத்த புள்ளி (3, 1). அதைத் தொடக்கச் சமன்பாட்டில் இட்டால் இரு பக்கமும் 0. மறைக்குறியைப் பின்னத்தின் மேலேயும் கீழேயும் இரண்டு தரம் எடுத்து, இடப்பக்கம் 3, கீழே 2 என்று போகிறவர் (−3, 1) இல் நிற்பார். சரியவேண்டிய கோடு ஏறும். ஆகவே குறியைத் தாங்கக்கூடிய சொல் வேண்டும். 'படியேற்றம்' என்றால் "படியேற்றம் −2" என்று எழுதலாம், இறக்கம் என்று உடனே விளங்கும். பகுதிக்கு 'படிநகர்வு'.

காரைதீவு:
ஏற்றம், நகர்வு இரண்டும் நல்லது. ஆனால் முன்னால் 'படி' எதற்கு? இருபடிச் சமன்பாடு என்னும்போது படி வேறு பொருளில் வருகிறதே. தமிழ்நாட்டார் போலச் சாய்வு என்றால் இந்தச் சிக்கல் வராது.

திருக்கோவில்:
அக்கா, படித்திறனிலேயே அந்தப் 'படி' இருக்கிறது, அதை இருபடியோடு யாரும் குழப்புவதில்லை. சாய்வு என்றால் பிள்ளை கோணத்தைத்தான் நினைக்கும். வெறும் 'ஏற்றம்' என்றால் விலையேற்றமும் கணக்கில் வந்துவிடும்!

களுவாஞ்சிகுடி:
உயரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இன்னொரு பொறி இருக்கிறது, வரைவிலக்கணத்தில் அதை அடைக்க வேண்டும். எக்ஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகு, வை அச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு என்று அளவிடை எடுத்தால், படித்திறன் 2 உள்ள கோடு வரைபுத் தாளில் ஒரு சென்ரிமீற்றர் வலம் போக ஒரு சென்ரிமீற்றர்தான் ஏறும். கட்டத்தை எண்ணுகிற பிள்ளை 1 என்று எழுதும். 'படி' என்றவுடன் கட்டத்தை எண்ணத்தான் கை போகும்.

காரைதீவு:
அப்படியென்றால் இப்படி எழுதுங்கள், நானும் சம்மதம்:

படிநகர்வு: கோட்டிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கமுள்ள இன்னொரு புள்ளிக்குப் போகும்போது எக்ஸ் ஆள்கூறு கூடும் அளவு. எப்போதும் நேர் எண்.

படியேற்றம்: அதே இரு புள்ளிகளுக்கிடையே வை ஆள்கூறு மாறும் அளவு. நேர், மறை, பூச்சியம் எதுவும் ஆகலாம். இரண்டையும் அச்சின் அலகில் வாசிக்க, கட்டத்தில் எண்ணற்க.

எக்ஸ் = 4 போன்ற நிலைக்குத்துக் கோட்டுக்குப் படிநகர்வு இல்லை, அதனால் படித்திறனும் இல்லை. அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.