மனப்பாடமாக இருந்த வசனம் காதில் விழுந்த நேரம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நன்றாகத் தெரிந்த ஒரு வசனம் திடீரென்று புதிதாகக் கேட்ட அனுபவம் யாருக்காவது உண்டா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். எனக்கு உண்டு. எருசலேமில், பெதஸ்தா குளத்தருகே நடந்தது.

யோவான் சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியிலேயே ஒப்பித்தவள் நான். 38 வருடம் வியாதியாய்க் கிடந்த மனிதன், ஐந்து மண்டபங்கள், கலங்கியதும் முதலில் இறங்குகிறவனைச் சொஸ்தமாக்கும் தண்ணீர் எல்லாம் அத்துப்படி. குளம் என்றதும் படித்துறையும் தண்ணீருமாக ஒரு காட்சி மனத்தில் இருந்தது. போய்ப் பார்த்தால் இடிந்த சுவர்களும் உடைந்த வளைவுகளும்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபோது அந்த ஆழம் அடிவயிற்றைக் கலக்கியது. அது ஒரு குளமல்ல, இரண்டு. சுற்றிலும் நான்கு பக்கம் மண்டபம், இரண்டையும் பிரிக்கும் நடுச்சுவரின் மேல் ஐந்தாவது என்று வழிகாட்டி விளக்கினார். ஐந்து மண்டபம் என்பது வெறும் உருவகம் என்று சொல்லி வந்தவர்களுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அகழாய்வு பதில் சொன்னதாம். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் வேதாகமத்தைத் திறந்து அந்தப் பகுதியை வாசித்தார். "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று இயேசு அந்த மனிதனைக் கேட்பதில்தான் பிரசங்கிகள் எப்போதும் நிற்பார்கள். நானும் அங்கேயே நின்று பழகியவள். அன்று அதைத் தாண்டி அவன் சொன்ன பதிலில் மாட்டிக்கொண்டேன். தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட "ஒருவருமில்லை" என்கிறான்.

என் அக்கா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்த்தேன், பணம் அனுப்பினேன், ஜெபித்தேன். ஒருநாள் தொலைபேசியில், "தாகமாயிருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை" என்றாள். நான் உடனே பக்கத்து வீட்டுக்குப் பேசி ஏற்பாடு செய்தேன். ஏற்பாடு செய்தேன், போகவில்லை. அவள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு வருடமாகிறது. அந்தக் கம்பியருகே அவள் குரல்தான் கேட்டது.

பக்கத்திலேயே புனித அன்னாள் ஆலயம். சிலுவைப்போர் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பிறகு எருசலேமைப் பிடித்த சுல்தான் சலாதீன் அதை மதரசாவாக்கியபோது பொறித்த அரபிக் கல்வெட்டு இன்றும் வாசலுக்கு மேலே இருக்கிறது. உள்ளே பாடினால், பாடி முடித்த பிறகும் குரல் சில நொடிகள் கற்கூரைக்குக் கீழே நிற்கும். அதற்காகவே குழுக்கள் வரிசையில் நின்று பாடுகின்றன. எங்களவர்களும் பாடினார்கள். எனக்கு வாய் வரவில்லை. கடைசி இருக்கையில் உட்கார்ந்து, அக்காவின் பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

*

இயேசுவுக்கே புகழ். சகோதரி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

எனக்கு அந்த அனுபவம் எருசலேமின் ஒலிவ மலையில் கிடைத்தது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தின் பெயராலேயே அங்கே ஓர் ஆலயம் இருக்கிறது, பாட்டர் நோஸ்டர் (லத்தீனில் 'எங்கள் தந்தையே') என்பார்கள். அந்த ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளில் எழுதிச் சுவரெங்கும் பதித்திருக்கிறார்கள். தமிழைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவ்வளவு தூரம் போய் நம் எழுத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தமிழில் அந்த ஜெபம் 'நம் தந்தையே' என்று அழைப்பதில்லை, 'எங்கள் தந்தையே' என்று அழைக்கிறது. யாரை நோக்கிப் பேசுகிறோமோ அவர் அதற்குள் வரமாட்டார். ஜெபிக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். இதைப் பள்ளி இலக்கணமாகப் படித்ததுதான். அங்கே நின்றபோது, அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் என் அண்ணனும் நிற்கிறார் என்று உறைத்தது. வீட்டுப் பாகப்பிரிவினையில் மனம் கசந்து ஒன்பது வருடமாக நாங்கள் பேசுவதில்லை. ஞாயிறுதோறும் அவர் அவருடைய பங்குக் கோவிலிலும் நான் என் பங்குக் கோவிலிலும், "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பலகையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதவில்லை. மறுநாள் காலை, "தமிழில் கூட இருக்கிறதா?" என்று மட்டும் பதில் வந்தது. இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறோம். நிலத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.

*

நான் எந்தப் புனித தலத்துக்கும் போனதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி செய்கிற செவிலி. வேதாகமத்தில் 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்களுக்கும் 'ஆரோகண சங்கீதம்' என்று தலைப்பு இருக்கிறது. எருசலேமுக்கு ஏறிப்போன பயணிகள் பாடியவை என்று எங்கள் போதகர் சொல்லியிருக்கிறார். 121-ஐ நான் அதிகாலை மூன்று மணிக்கு, மருந்து ஏற்றும் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டே மனத்துக்குள் சொல்வேன். காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்ற இடம் வரும்போது, கண்ணைத் திறந்து வைத்திருக்க அது ஒரு துணை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

போன மாதம் பணி முடிந்து வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் படுக்கையில் இருந்த தாத்தாவின் நினைவு. அதே வசனம் வந்தது. கர்த்தர் விழித்திருக்கிறார், ஆகவே நான் தூங்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. மாலை நான்கு மணி வரை தூங்கினேன்.

முதலில் எழுதிய அக்காவுக்கு: உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து, பார்வையாளர் யாரும் வராத படுக்கைகளுக்கு நான் முதலில் போகிறேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிறேன்.