பூட்டச் சொல்லக்கூடாது என்று எந்தத் தீர்ப்பு சொன்னது?

செல்வி_மிச்சிகன்:
நேற்று வேறொரு இழையில் மாறன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை. "2008 ஹெல்லர் தீர்ப்புக்குப் பிறகு, வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வை என்று அமெரிக்காவில் எந்த அரசும் சொல்ல முடியாது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். தவறு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அந்த வழக்கில் அடிபட்டது தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் சட்டம். அங்கே கைத்துப்பாக்கிக்கே தடை. ரைபிள் வைத்திருந்தாலும் குண்டு எடுத்துவிட்டு, கழற்றியோ, சுடும் விசையை அசையவிடாத விசைப்பூட்டு மாட்டியோதான் வைக்க வேண்டும். திருடன் உள்ளே வந்தால்கூட விதிவிலக்கு கிடையாது. அதனால்தான் நீதிமன்றம் அதைத் தள்ளியது. விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் செல்லாது என்று தங்கள் ஆய்வு சொல்லவில்லை என்று, தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியாவே அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். மாறன் அந்தப் பத்தி வரை போனாரா?

மாறன்_டெக்சாஸ்:
போனேன், மேடம். அது போகிற போக்கில் சொன்ன வரி. வழக்கின் முடிவு என்ன? பூட்டு மாட்டச் சொன்ன சட்டம் செல்லாது. நீதிபதிகள் 5-க்கு 4. நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு வருகிறவன், நான் பெட்டிச் சாவியைத் தேடி எடுக்கும் வரை வாசலில் நிற்பானா? துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்ற நினைப்பிலிருந்துதான் இந்தப் பேச்சு வருகிறது. நான் பயிற்சி எடுத்தவன். என் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ரவி_நியூஜெர்சி:
பூட்டு இருக்கட்டும். தனி ஆள் இன்னொருவருக்குத் துப்பாக்கி விற்றால் கூட்டாட்சிச் சட்டப்படி, வாங்குபவர் மேல் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையே வேண்டியதில்லை. அந்தச் சோதனையை விரிவாக்க 2013-ல் செனட்டர்கள் மான்சின், டூமி இருவரும் கொண்டுவந்த திருத்தம் செனட்டில் 54 வாக்கு வாங்கியும் தோற்றது, 60 வேண்டும் என்பதால். அதைப் பேசுங்கள் முதலில்.

செல்வி_மிச்சிகன்:
ரவி, அதற்கு வேறு இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். 2008 தீர்ப்பு பூட்டச் சொல்வதைத் தடுத்ததா, இல்லையா?

மாறன், அது போகிற போக்கில் சொன்னது இல்லை. பாஸ்டனில் 1783-ல் குண்டு நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரத் தடை போட்ட பழைய சட்டத்தை அந்த வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரையர் காட்டுகிறார். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் அந்த வரி வருகிறது. அப்புறம் மாசசூசெட்ஸ். 1998 முதல் அங்கே பூட்டி வைப்பது கட்டாயம். ஹெல்லரைக் காட்டி வழக்குப் போட்டார்கள், 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பூட்டி வைக்கச் சொல்லும் சான் பிரான்சிஸ்கோ நகரின் விதியை 2014-ல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைக்க மறுத்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை எடுக்கவே இல்லை. எந்த அரசும் சொல்ல முடியாதாம்!

மாறன்_டெக்சாஸ்:
பழைய கணக்கு. 2022-ல் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு வந்துவிட்டது, 6-க்கு 3. இப்போது ஒரு துப்பாக்கிச் சட்டம் நிற்க வேண்டுமென்றால் இந்த நாட்டின் வரலாற்றில் அதற்கு வேர் இருக்க வேண்டும். நீங்கள் காட்டும் 2013, 2014 தீர்ப்புகள் எல்லாம் பழைய அளவுகோலில் அளந்தவை. உங்கள் பாஸ்டன் சட்டமும் தீயணைப்புக்காரர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று போட்டது, குழந்தைகளுக்காக அல்ல. 2008 தீர்ப்பு என்ன சொன்னது? பூட்டச் சொல்லாதே. அவ்வளவுதான்.

செல்வி_மிச்சிகன்:
சொல்லவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அது சொல்லவில்லை. 2024-ல் ரஹிமி வழக்கில் 8-க்கு 1 என்று அதே நீதிமன்றம், பழைய சட்டத்தின் அச்சு அசலான நகல் தேவையில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று விளக்கிவிட்டது. அதையும் படியுங்கள்.

சரி, உங்கள் ஊருக்கே வருகிறேன். டெக்சாஸில் 1995-லிருந்து சட்டம் இருக்கிறது. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி கவனக்குறைவால் எட்டினால் குற்றம். சுட்டு யாராவது செத்தாலோ பலத்த காயம்பட்டாலோ தண்டனை கூடும். துப்பாக்கிக் கடையில் அதை எச்சரிக்கைப் பலகையாக மாட்ட வேண்டும். நீங்கள் வாங்கும் கடையிலும் மாட்டியிருப்பார்கள். நிமிர்ந்து பார்த்ததில்லையோ?

மாறன்_டெக்சாஸ்:
அந்தச் சட்டம் பூட்டு போடு என்று சொல்லவில்லை. பிள்ளை கைக்குப் போன பிறகுதான் கேள்வி. பிள்ளைகளே வராத வீட்டில் இருக்கிறவன் தலையணைக்கடியில் வைத்தாலும் டெக்சாஸ் கேட்காது. அதுதான் பொறுப்பை மனிதனிடம் விடும் சட்டம். உங்கள் மிச்சிகன் மாதிரி இல்லை.

செல்வி_மிச்சிகன்:
பூட்டி வைக்கச் சொல்லும் எங்கள் மிச்சிகன் சட்டமும் பிள்ளைகள் இருக்கும், வரக்கூடிய இடத்துக்குத்தான். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது ஏன் வந்தது என்று சொல்லட்டுமா? 2021 நவம்பரில் மிச்சிகனில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 15 வயதுப் பையன் நான்கு மாணவர்களைக் கொன்றான். துப்பாக்கி அப்பா வாங்கிக் கொடுத்தது. 2024-ல் அப்பா, அம்மா இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் கையில் இருந்தது அவன் அம்மா சட்டப்படி வாங்கிய துப்பாக்கி. என் மகளை யார் வீட்டுக்கு விளையாட அனுப்பினாலும், துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். கூச்சமே இல்லாமல் கேட்கிறேன்.

மாறன்_டெக்சாஸ்:
என் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டால் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வேன். கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுவிட்டா பிள்ளையை ஏற்றி அனுப்புகிறீர்கள்?

ரவி_நியூஜெர்சி:
கார் ஓட்ட உரிமம் வேண்டும், மாறன் சார். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க உரிமமே வேண்டாம். போன வருடம் எச்1பி வேலை விசா பற்றிய இழையில் நான் கேட்டதற்கும் நீங்கள் பதில் சொல்லவே இல்லை. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம்.

மாறன்_டெக்சாஸ்:
பாதிச் சட்டம் தெரிந்தவர் தீர்ப்பு எழுதுகிறார். வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. என்னிடம் இருந்தது. இப்போது நான் குடிமகன். அந்த இழையில் என்னைக் குற்றவாளி மாதிரி எழுதினீர்கள், ரவி. நான் மறக்கவில்லை.

பாலா_தென்காசி:
இங்கிருந்து பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கிறார்கள். யாரும் செத்துப்போகவில்லையே.

மாறன்_டெக்சாஸ்:
தம்பி, அங்கே அரசு தருவது உரிமம். இங்கே 1791-லிருந்து அரசமைப்பில் எழுதி வைத்த உரிமை. அரசு கேட்டவுடன் நீட்டிவிடக்கூடாது என்பதற்காகவே எழுதினார்கள். உள்ளூர்ச் செய்தி தெரியாமல் நடுவில் வரவேண்டாம்.

பாலா_தென்காசி:
பொது இழையில் யார் வரலாம் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்களா, அண்ணே?

செல்வி_மிச்சிகன்:
பாலா, இருங்கள். மாறன் திசை மாற்றுகிறார். 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள். பாதிக்கு மேல். மனம் உடைந்த ஒரு நிமிடத்தில், பூட்டாத அலமாரி திறந்து எடுத்தது. மாத்திரை தின்றவர்களில் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிட முடிகிறது. துப்பாக்கி எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அபூர்வம். பூட்டு அந்த நிமிடத்தைக் கடத்தும். அதனால்தான் விடாமல் எழுதுகிறேன். திருடனை மட்டும் பேசுகிறீர்கள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளையைப் பேசுங்கள்.

மாறன்_டெக்சாஸ்:
தற்கொலையைத் துப்பாக்கி வன்முறைக் கணக்கில் சேர்ப்பதே ஏமாற்று. ஜப்பானில் வீட்டுக்கு வீடு துப்பாக்கியா இருக்கிறது? அங்கே தற்கொலை இல்லையா? கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் பூட்டும் சேர்த்துத் தர வேண்டும் என்று 2005-லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்தது. தருகிறார்கள், வாங்குகிறோம். அதை மாட்டுவதா வேண்டாமா என்பது என் முடிவு. 2008 தீர்ப்பு எனக்குத் தந்தது அதுதான்.

செல்வி_மிச்சிகன்:
தரவில்லை. அந்தப் பத்தியை மறுபடி படியுங்கள்.

ரவி_நியூஜெர்சி:
தனி விற்பனை பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மாறன்_டெக்சாஸ்:
படித்தாயிற்று, மேடம். பூட்டு மாட்டச் சொன்ன சட்டம் செல்லாது என்றுதான் இருக்கிறது. ரவி, உங்களுக்குப் பதில் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

செல்வி_மிச்சிகன்:
டி.சி. சட்டம் செல்லாது என்று இருக்கிறது. பூட்டச் சொல்லும் எல்லாச் சட்டமும் என்று இல்லை. அந்த வரியை இங்கே அப்படியே ஒட்டுங்கள், நான் காத்திருக்கிறேன்.